பதிப்பகமா, சொந்த வெளியீடா? தோட்டப்புற எழுத்தாளர் முடிவெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, லுனாஸ் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் இருந்துகொண்டு முதல் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவர எண்ணுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. இப்படிப்பட்டவர்களுக்கு மெய்ப்புப் பார்த்தும், ஈப்போ அச்சகங்களுக்கு உடன் சென்றும் உதவி வருவதால், அவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டிய வேலைகளை எல்லாரும் செய்யத்தான் செய்கிறார்கள், வரிசைதான் புரண்டுவிடுகிறது. மண்டபத்தைப் பதிவு செய்தபின் பிழை திருத்துகிறார்கள்; அச்சடித்தபின் ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண்ணைக் கேட்கிறார்கள், கையொப்பமிட்டபின் ஒப்பந்தத்தைப் படிக்கிறார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் கையெழுத்துப்படியை முடியுங்கள்

எந்த வழியில் வெளியிடுவது என்ற கேள்வியைக் கையெழுத்துப்படி முடிந்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும். பக்க எண்ணிக்கை தெரியாமல் எந்த அச்சகமும் சரியான விலை சொல்லாது. பாதி நாவலைப் படித்துவிட்டு எந்தப் பதிப்பாசிரியரும் பதில் தர முடியாது. 'இன்னும் இரண்டு கதைகள் வரவேண்டியிருக்கிறது' என்ற நிலையில் கேட்டு வாங்கிய விலைகள் எதற்கும் பயன்படுவதில்லை.

கையெழுத்துப்படி முழுவதும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தில், ஒரே கோப்பாக இருக்கட்டும். நீண்ட காலமாக எழுதி வருகிறவர்களிடம் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கதைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றிச் செயலியால் ஒருங்குறியாக்கலாம் என்றாலும், தட்டச்சு செய்தவரின் பழக்கப் பிழைகள் அப்படியே உடன் வந்துவிடும். கால் வர வேண்டிய இடத்தில் 'ர' இருப்பதும், 'ஔ' என்னும் ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகள் இருப்பதும் மிகப் பரவலானவை. திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால் கண் ஏமாறும். தேடல் வசதியைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும்.

அடுத்து, கதைகள் உங்களுக்கே உரியவையா என்று பாருங்கள். ஞாயிறு பதிப்புகளில் வந்தவற்றையும் போட்டிகளில் பரிசு பெற்றவற்றையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சில போட்டிகளின் விதிமுறைகளில், பரிசு பெற்ற படைப்பை வெளியிடும் உரிமை ஏற்பாட்டாளருக்கு உண்டு என்ற வரி இருக்கும். அப்படி இருந்தால் எழுத்து மூலம் இசைவு பெற்று அக்கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். எந்த வழியில் போனாலும் இது கேட்கப்படும்.

2. நூறு பெயர்களை எழுதுங்கள்

முடிவெடுப்பதற்கு இதைவிட முக்கியமான வேலை வேறில்லை. ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

நம் பட்டணங்களில் தமிழ் நாவலையோ சிறுகதைத் தொகுப்பையோ அடுக்கி வைத்து விற்கும் கடை அரிது. பூசைப் பொருள் கடையின் ஓரத்தில் பஞ்சாங்கமும், ஜோதிட நூல்களும், தேர்வுப் பயிற்சி நூல்களும் இருக்கும். இலக்கியத்துக்கு அங்கே இடமில்லை. எனவே புத்தகம் கையிலிருந்து கைக்குத்தான் விற்கும். அந்தக் கை யாருடையது என்பதைப் பொறுத்தே வழியும் அமைய வேண்டும்.

ஒரு தாளை எடுத்து, விலை கொடுத்து வாங்கக்கூடிய நூறு பேரின் பெயர்களை எழுதுங்கள். உடன் படித்தவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் செயலவையினர், வாசகர் வட்டத்தார், தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் குடிபெயர்ந்த பழைய அண்டைவீட்டார் என நினைவுக்கு வருகிற எல்லாரையும் எழுதலாம். எழுதி முடித்தபின், யாரிடம் பணம் வாங்கக் கூச்சப்படுவீர்களோ அவர்களுடைய பெயர்களை அடித்துவிடுங்கள். சித்தப்பாவும் மாமாவும் பெரும்பாலும் இந்தச் சல்லடையில் நிற்கமாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் சும்மாதான் கொடுப்பீர்கள், அவர்களும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள்.

மிஞ்சியவர்கள் நூற்றை நெருங்கினால், அவர்களில் பெரும்பாலோர் நீங்களே நேரில் போய்க் கொடுக்கக்கூடிய தொலைவில் இருந்தால், சொந்த வெளியீட்டை எண்ணிப் பார்க்கலாம்; எத்தனை படிகள் விற்றால் தாங்கும் என்பதை 4ஆம் பகுதியில் உள்ள கணக்கு சொல்லும். உங்கள் எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் சிதறிக் கிடக்கிறார்கள், அவர்களை உங்களுக்குத் தெரியாது என்றால், பதிப்பகத்துக்கு விட்டுக்கொடுக்கும் பங்கு நியாயமானதே, ஏனெனில் அந்த வாசகர்களிடம் செல்லும் பாதை பதிப்பகத்திடம்தான் இருக்கிறது. மிஞ்சியவர்கள் முப்பது பேர் என்றால் இரண்டு வழிகளையும் ஓராண்டு ஒத்திவைத்து, நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளிலும் இணைய இதழ்களிலும் தொடர்ந்து எழுதுவதே என் பரிந்துரை. பட்டியல் வளர்ந்த பிறகு வரும் புத்தகத்துக்கு வாசகர் காத்திருப்பார்.

3. பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

பெயர்ப்பலகையில் 'பதிப்பகம்' என்று இருப்பதால் மட்டும் ஒன்று பதிப்பகமாகிவிடாது. அச்சுச் செலவை அவர்கள் ஏற்று, விற்பனையில் ஒரு பங்கை உங்களுக்கு உரிமத்தொகையாகத் தந்தால் அது பதிப்பகம். செலவை நீங்கள் ஏற்று, விற்பனையும் உங்களுடையதாக இருந்தால் அது சொந்த வெளியீடு.

இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. புதியவர்கள் அதிகமாகச் சிக்குவது அதில்தான். 'நாங்களே வெளியிடுகிறோம், நீங்கள் இருநூறு படிகளை வாங்கிக்கொண்டால் போதும்' என்பார்கள். அந்த இருநூறு படிகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பல வேளைகளில் மொத்த அச்சுச் செலவும் அதற்குள் அடங்கிவிடும். அதாவது செலவு உங்களுடையது, உரிமை அவர்களுடையது.

இது எப்போதும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, புத்தகக் கண்காட்சிகளில் இடம் ஆகியவற்றை உண்மையாகவே செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள்; அந்த வேலைகளுக்குக் கூலி கொடுப்பது முறைதான். ஆனால் அதைக் கூலி என்றே பேசி, உரிமையை உங்களிடம் வைத்துக்கொண்டு, சொந்த வெளியீட்டுக் கணக்கில் சேருங்கள்.

4. விலைக்கு முன் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை; உங்கள் அச்சகம் சொல்லும் தொகைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

160 பக்கப் புத்தகம், 300 படிகள். அச்சு படிக்கு 9 ரிங்கிட் என்றால் 2,700 ரிங்கிட். பிழை திருத்தம் 600, பக்க வடிவமைப்பு 800, அட்டை 300. மொத்தம் 4,400 ரிங்கிட். விலை 25 ரிங்கிட் என்று வைத்தால், முழு விலைக்கு நேரில் விற்கும்போது 176 படிகளில் போட்ட பணம் திரும்பும். அதே புத்தகத்தைக் கடைகளுக்கு 40 விழுக்காடு கழிவில் கொடுத்தால் படிக்கு 15 ரிங்கிட்தான் கைக்கு வரும்; போட்ட பணம் திரும்ப 294 படிகள் விற்க வேண்டும். அச்சடித்ததே 300, அதில் 5 படிகள் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆக, மதிப்புரைக்கு இரண்டு படிகள் கொடுத்தாலே நட்டம்.

கடையை மட்டும் நம்பிச் சொந்தமாக வெளியிடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். பதிப்பக வழியில் அதே 25 ரிங்கிட் புத்தகத்துக்கு விலையில் 10 விழுக்காடு உரிமத்தொகை என்றால் படிக்கு 2 ரிங்கிட் 50 காசு கிடைக்கும். சிறிய தொகைதான்; ஆனால் உங்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் இருக்காது.

வெளியீட்டு விழாவில் முதல் படியைப் பெறும் டத்தோ பட்டக்காரரின் அன்பளிப்பு உறையைக் கணக்கின் வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். அது வரும்போது வரட்டும். வராமலும் போகும், அல்லது 'பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள்' என்ற சொல்லாக வரும்.

5. பதிப்பகத்தை நாடுவதானால்

அந்தப் பதிப்பகம் அண்மையில் வெளியிட்ட இரண்டு புத்தகங்களை வாங்கி முதலில் படியுங்கள். உங்கள் எழுத்து அவர்களுக்கு ஒத்துவருமா என்பதோடு, தாள், கட்டு, பிழை திருத்தம் ஆகியவற்றின் தரத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம். பக்கத்துக்கு நான்கு ஒற்றுப்பிழைகள் உள்ள புத்தகத்தை வெளியிட்டவர்கள் உங்கள் புத்தகத்தை மட்டும் வேறுவிதமாகக் கொண்டுவருவார்கள் என்று நம்ப இடமில்லை.

பிறகு ஒரு பக்க அறிமுகக் கடிதம், நூலின் சுருக்கம், இரண்டு கதைகள் அல்லது இரண்டு இயல்கள் ஆகியவற்றை அனுப்புங்கள். முழுப் படியையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டு மறுநாள் 'படித்தீர்களா' என்று கேட்பது வேலையைக் கெடுக்கும். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பினால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் தமிழ்ப் பதிப்புலகம் சிறியது, எப்படியும் தெரிந்துவிடும்.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால் உடனே கையொப்பமிடாமல் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பத்தாண்டு கழித்து மறுபதிப்புக்கு ஆசைப்படும்போதுதான் அதன் விளைவு தெரியும். பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது உரிமையின் அளவு. 'பதிப்புரிமை முழுவதும் பதிப்பகத்துக்கே' என்ற வரியும் 'இந்த அச்சுப் பதிப்பை ஐந்தாண்டுகளுக்கு வெளியிடும் உரிமை' என்ற வரியும் வேறு வேறு. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இலக்கியப் படைப்பின் உரிமை எழுத்தாளர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. முதல் வரியில் கையொப்பமிடுகிறவர் தம் பேரப்பிள்ளைகள் காலத்து உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

மின்னூல், ஒலிநூல், மலாய் மொழிபெயர்ப்பு, பாடநூலாகத் தேர்வு பெறுதல் ஆகியவற்றைத் தனித்தனியே பேசி, வேண்டாதவற்றை அடித்துவிடச் சொல்லுங்கள். உரிமத்தொகை 10 விழுக்காடு என்றால் எதில் என்று கேளுங்கள்: 25 ரிங்கிட் அட்டை விலையில் என்றால் 2.50; கழிவு போக வரும் 15 ரிங்கிட்டில் என்றால் 1.50. விற்பனைக் கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை தரப்படும், படிகள் தீர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை திரும்புமா என்பவையும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சென்னைப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்கிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றத்தை ஐந்தாண்டுக்கு உரியதாகவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாததை இந்தியாவுக்கு மட்டும் உரியதாகவும் கொள்கிறது. அதை நம்பி இடத்தை வெற்றாக விடாமல், காலத்தையும் நாடுகளையும் வெளிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் விற்கும் உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டால், நூறு பெயர்ப் பட்டியல் வீணாகாது. உள்நாட்டுப் புத்தகப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டில் பதிப்பித்த நூல் ஏற்கப்படுமா என்பதை விதிமுறையில் பார்த்தபின்பே சென்னைக்குப் போங்கள்.

6. சொந்தமாக வெளியிடுவதானால், இந்த வரிசையில்

அ) பிழை திருத்தம். அச்சுச் செலவில் மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். கைவைக்கவே கூடாததும் இதுவே. உங்களுடைய பிழை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் அறிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நட்புக்காக இலவசமாகப் பார்ப்பவர் முப்பதாம் பக்கத்தோடு களைத்துப்போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆ) பெயர். சொந்தப் பெயரிலேயே வெளியிடலாம். 'பதிப்பகம்' என்று ஒரு பெயர் வைத்துத் தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் வணிகமாகப் பதிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். பெயரை ஐ.எஸ்.பி.என். வாங்குமுன் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் வெளியீட்டாளர் என்ற இடத்தில் அந்தப் பெயர்தான் பதிவாகும்.

இ) அணிந்துரைகள். பக்க வடிவமைப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியர், சங்கத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் என ஏழு பேரிடம் வாழ்த்துரை கேட்டுவிட்டு, ஏழாவது ஆளுக்காக அச்சகத்தைக் காக்க வைக்கிறவர்கள் உண்டு. ஒருவர் எழுதினால் போதும் என்பது என் கருத்து. வாசகர் யாரும் வாழ்த்துரைக்காகப் புத்தகம் வாங்குவதில்லை.

ஈ) பக்க வடிவமைப்பு. ஏ5 அளவு போதும், அச்சகத்தில் தாள் வீணாகாது. பக்க எண்ணிக்கையை 16இன் மடங்காகக் கொண்டுவரப் பாருங்கள். ஆப்செட் எனப்படும் தகட்டு அச்சில் பெரிய தாள் மடிவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான், 162 பக்கம் என்றால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு மடிப்பு சேரும். வடிவமைப்பாளர் இன்டிசைன் மென்பொருளில் வேலை செய்தால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தின் தவறான பக்கத்தில் போய் உட்காரும்.

உ) ஐ.எஸ்.பி.என். தேசிய நூலகம் இதனைக் கட்டணமின்றி வழங்குகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்காகப் பணம் கேட்கிறவரிடம் விலகியிருங்கள். தலைப்பு உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள். அச்சுப் பதிப்புக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண் வேண்டும். நூலகங்கள் பட்டியலிடப் பயன்படுத்தும் நூற்பட்டியல் தரவையும் அச்சுக்கு முன் கேட்டுப் பெற்று உரிமைப் பக்கத்தில் சேர்க்கலாம். அதே பக்கத்தில் வெளியீட்டாளரின் பெயர், முகவரி, அச்சகத்தின் பெயர், முகவரி ஆகியவை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. தமிழில் மட்டும் முகவரி போட்டுவிட்டு, பிறகு திருத்தச் சீட்டு அடித்து ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊ) அச்சகம். ஈப்போவிலோ வேறு நகரிலோ, கணினியில் உட்கார்ந்து உங்கள் கோப்பைத் திறக்கும் இளைஞருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். எழுத்து உடைந்து வந்தாலும் அவருக்கு அது தமிழாகவே தெரியும். ஆகவே வேர்டு கோப்பைக் கொடுக்காமல், எழுத்துருக்கள் உள்ளடக்கப்பட்ட பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள். சில நூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சு ஏற்றது; ஆயிரத்தை நெருங்கும்போதுதான் ஆப்செட்டின் விலைச் சலுகை தெரியும். ஆயிரம் அடித்தால் படிக்கு விலை குறைகிறதே என்ற ஆசையில் ஆயிரம் அடித்துவிடாதீர்கள். பட்டியலில் உள்ள பெயர்கள் நூறுதான்.

புத்தக முதுகின் அகலத்தை உட்பக்கத் தாளைக் கொண்டு கணக்கிட வேண்டும். 80 கிராம் தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ளது) ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். 160 பக்கம் என்றால் 80 தாள், முதுகு 8 மில்லிமீட்டர். தாளை மாற்றினால் அட்டையையும் மாற்ற வேண்டும் என்பதை அட்டை வரைகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எ) மாதிரிப் படி. திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அச்சடித்துக் கட்டிய ஒரு படியைக் கேட்டு வாங்கி, தலைப்புகள், பக்க எண்கள், ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் சரியா என்று பார்த்து, கையொப்பமிட்டுக் கொடுங்கள். பிறகு தகராறு வந்தால் அந்தப் படிதான் சான்று.

ஏ) கட்டாயப் படிகள். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூலின் 5 படிகளை வெளியான ஒரு மாதத்துக்குள் தேசிய நூலகத்துக்கு வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். பதிப்பகம் வெளியிட்டால் இது அவர்கள் பொறுப்பு; சொந்த வெளியீட்டில் உங்கள் பொறுப்பு. பெட்டியைத் திறந்ததும் இந்த ஐந்தைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

7. மின்னூல்

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்களை வெளியிடலாம். போட்ட பணம் என்று அதிகமில்லை. ஆனால் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்க மூலத்து உரிமத்தொகையில் 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். அமேசானுக்கு மட்டும் என்று ஒப்புக்கொள்ளும் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்வடிவத்தை வேறெங்கும் தரக்கூடாது. உள்நாட்டில், மலேசியாவில் வசிக்கும் எழுத்தாளருக்கு இலக்கியப் படைப்பின் உரிமத்தொகையில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வருமானவரி விலக்கு உண்டு. நம்மில் யாரும் அந்த எல்லையைத் தொட்டு அவதிப்பட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. அச்சுப் படிகள் பாதியாவது விற்ற பிறகு மின்னூலைப் பற்றி யோசித்தால் போதும்.

8. விழா நாளைக் கடைசியில் குறியுங்கள்

அச்சான பெட்டிகள் வீட்டுக்கு வந்தபின்பே மண்டபத்தையும் பிரமுகரையும் கேளுங்கள். தேதியை முதலில் குறித்துவிட்டால், மாதிரிப் படியில் கண்ட பிழையைத் திருத்த நேரமில்லாமல் 'இப்படியே அடியுங்கள்' என்று சொல்லும்படி ஆகிவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களையும் பள்ளித் தேர்வுக் காலத்தையும் தவிருங்கள். வருபவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள்.

விழா வாசலில் விற்பனை மேசைக்கு உங்கள் உறவினரல்லாத ஒருவரை அமர்த்துங்கள். உறவினர் வெட்கப்பட்டுச் சும்மா கொடுத்துவிடுவார். பெயர், படி எண்ணிக்கை, பெற்ற தொகை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைகளுக்கு விற்றபின் பணம் என்ற முறையில் கொடுக்கும் படிகளுக்கு, எண்ணிக்கையும் கழிவும் திரும்பப் பெறும் நாளும் எழுதிய ரசீதில் கடைக்காரரின் கையொப்பம் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணுங்கள். மறுபதிப்புப் பேச்சை, குறிப்பேட்டில் உள்ள விற்பனையும் வீட்டில் உள்ள படிகளும் கூட்டினால் அச்சடித்த எண்ணிக்கைக்குச் சரியாக வந்த பிறகு எடுங்கள்.